உயிரில்லாத வார்த்தை

தங்கபாண்டி அழவில்லை. அதுதான் உமாதேவியை முதலில் உறுத்தியது.

மனைவியைக் காணோம் என்று வந்த கணவன்மார் பலரை அந்த நாற்காலியில் அவள் உட்காரவைத்திருக்கிறாள். சிலர் தேம்புவார்கள். சிலர் மேசையைக் குத்துவார்கள். கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் தங்கபாண்டியோ தார் விலை பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினார். மனைவி பெயர் பூமாரி. போன வாரம் மத்தியானம் கோயிலுக்குப் போனவள் திரும்பவில்லை. செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதற்கு முன்னால் கட்டியவளும் ஒரு டிரைவரோடு ஓடிப்போனவள்தான். இவளும் போய்விட்டாள் என்று ஊருக்குத் தெரிந்தால் தலைகாட்ட முடியாது. அதனால் போலீஸ் வேண்டாம் என்றார்.

தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருந்தது உமாதேவியின் அலுவலகம். ஒரு காலத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள். மேலதிகாரி ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வேலையை விட்டவள். உதவிக்கு இம்மானுவேல். போடி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. வாடிக்கையாளர்களைக் கிண்டலடித்தே கடையிலிருந்து விரட்டப்பட்டவன்.

தங்கபாண்டி ஒரு டேப்லெட்டை மேசைமேல் வைத்தார். அதில் பூமாரி தினமும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டு விளையாடுவாளாம். எதிராளியின் பெயர் மைனா.

"மைனாங்கிறது எவனோ ஒரு ஆம்பள. பாருங்க, கடைசி ஆட்டத்துல என்ன வார்த்தை கெடக்குன்னு. ஃப்ளவர்னா பூ. எம் பொண்டாட்டி பேரு. இங்கன பாருங்க, கேம்பஸ். அவ காலேஜ்ல ஒரு வருசம் படிச்சவ. அங்கன பழகுன பயலாத்தான் இருக்கும்."

அந்த விளையாட்டில் பேசிக்கொள்ள வழி உண்டா என்று இம்மானுவேல் கேட்டான். பேசும் வசதியை ஆள் வைத்து அடைத்துவிட்டதாகத் தங்கபாண்டி சொன்னார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

உமாதேவி தன் வழக்கமான நிபந்தனையைச் சொன்னாள். ஆளைக் கண்டுபிடித்தால் முதலில் அந்த ஆளிடம்தான் பேசுவாள். அவர் சம்மதித்தால் மட்டுமே இருக்கும் இடத்தைச் சொல்வாள். சம்மதிக்காவிட்டால், உயிரோடு இருக்கிறார் என்கிற தகவல் மட்டும்தான்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். மாறாகச் சிரித்தார்.

"உங்க இஷ்டம்மா. ஆனா இந்த டேப்லெட்டு உங்க கையிலயே இருக்கட்டும். ஆஃப் பண்ணிராதீக. அந்த மைனா மறுபடி ஆட வந்தாலும் வருவான்ல?"

நியாயமாகத்தான் பட்டது. உமாதேவி அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

*

முதலில் பூமாரி படித்த கல்லூரியில் விசாரிப்பது என்று கிளம்பினார்கள். இம்மானுவேல் காரை ஓட்ட, உமாதேவி பக்கத்தில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள். இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடும் பழக்கம் அவளுக்கு வெகுநாளாக உண்டு என்பதால் விளையாட்டு பிடிபடக் கஷ்டமில்லை. கையில் ஏழு எழுத்து வரும். கட்டம் போட்ட பலகையில், ஏற்கெனவே கிடக்கிற வார்த்தையோடு ஒட்டிக்கொண்டு புது வார்த்தையாக அவற்றை அடுக்க வேண்டும். க்யூ, எக்ஸ் போன்ற முரட்டு எழுத்துகளுக்கு மதிப்பெண் அதிகம். கையில் இருப்பது பிடிக்காவிட்டால் ஒரு வாய்ப்பை இழந்து எழுத்தை மாற்றிக்கொள்ளலாம்.

சின்னமனூரில் டீ குடிக்க நிறுத்தியபோது இம்மானுவேலும் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது என்ன வார்த்தை? சி, டபிள்யூ, எம். மைனா போட்டிருக்கான். ஒரு உயிரெழுத்துகூட இல்ல. உயிர் போயி மெய் மட்டும் கெடக்கு."

விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் முகமே சுருங்கிவிட்டது. காணாமல் போன பெண்ணைத் தேடிப் போகும் வழியில் அந்தச் சிலேடை இருவருக்கும் ருசிக்கவில்லை.

அதைக் 'கூம்' என்று வாசிக்க வேண்டும், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு என்று பொருள் என்று உமாதேவி சொன்னாள். வாயால் யாரும் பேசாத வார்த்தை. கையில் உயிரெழுத்து வராமல் தவிக்கும்போது இறக்குவதற்காகவே ஆட்டக்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது. அப்படியானால் மைனா பழுத்த ஆட்டக்காரன்.

ஆனால் கடைசி ஆட்டத்தில் அந்தப் பழுத்த ஆட்டக்காரன் ஏன் இப்படிச் சொதப்பினான்? முடிந்த ஆட்டத்தை, இருவர் கையிலும் அப்போது இருந்த எழுத்துகளோடு, ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னால் போய்ப் பார்க்கும் வசதி அதில் இருந்தது. எக்ஸ் என்ற எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறக்காமல் விட்டிருக்கிறது மைனா. நல்ல நல்ல எழுத்துகளைத் திருப்பிக் கொடுத்து, வாய்ப்பை இழந்து, வேறு எழுத்துக்குக் காத்திருக்கிறது. பூமாரியும் அப்படியேதான்.

"ரெண்டு பேருக்கும் ஜெயிக்கிற எண்ணமே இல்ல," என்றாள் உமாதேவி. "இவுக பேசிக்கிட்டிருக்காக."

பேசும் வழி அடைபட்ட வீட்டில், கட்டத்துக்குள் பேச்சு நடந்திருக்கிறது. பூமாரி 'ஹிட்' என்று போட்டிருந்தாள். சில நகர்த்தல் கழித்து 'பெயின்'. மைனா 'ரன்' என்று போட்டது.

அதற்கப்புறம்தான் அந்த வேடிக்கை கண்ணில் பட்டது. ஃப்ளவர் என்ற வார்த்தையை யாரும் ஃப்ளவராகப் போடவில்லை. மைனா போட்டது 'லோயர்' என்கிற ஐந்து எழுத்துதான். அதற்கு முன்னால் ஒரு எஃப்-ஐ ஒட்டவைத்துப் பூவாக்கியது பூமாரி. பலகையின் இன்னொரு மூலையில் மைனா போட்டது 'கேம்ப்'. அதன் வாலில் யூ-வையும் எஸ்-ஸையும் சேர்த்துக் கேம்பஸ் ஆக்கியதும் பூமாரிதான். சேதி கிடைத்ததும், சேதியை அழிக்க முடியாமல், அதற்கு வேஷம் போட்டுவிட்டாள்.

"லோயர், கேம்ப்," என்று முணுமுணுத்தாள் உமாதேவி.

இம்மானுவேல் டீ கிளாஸைக் கீழே வைத்தான். கம்பம், கூடலூர் தாண்டி, குமுளி மலையேறுவதற்கு முன்னால் இருக்கும் ஊர் அது. குமுளி பஸ்கள் எல்லாம் நின்று போகிற இடம்.

"ஊர்ப் பேரை ரெண்டு துண்டா நறுக்கி, ரெண்டு மூலைல வீசிருக்காக. புருசங்காரர் அதைப் பூவும் காலேஜுமா வாசிச்சிருக்காரு. சந்தேகப்படுறவனுக்குத் தனி அகராதி போல," என்றான்.

*

கல்லூரியை விட்டுவிட்டு நேராகத் தெற்கே ஓட்டினார்கள். கம்பத்தைத் தாண்டியதும் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள் ஓடி வந்தன. லோயர் கேம்ப்பில் யாரென்று தேடுவது? உமாதேவி மைனாவின் பழைய ஆட்டங்களைப் புரட்டிக்கொண்டே வந்தாள். 'டார்ட்', 'யோக்', 'ஹெம்', 'ப்ளீட்' என்று சில வார்த்தைகள் திரும்பத் திரும்ப வந்தன.

டார்ட் என்றால் கிளப்பில் எறிகிற அம்பு, யோக் என்றால் மாட்டு நுகத்தடி. ஆகவே மைனா என்பவன் கிளப்புக்குப் போகிற விவசாயி என்று இம்மானுவேல் துப்பு துலக்கினான்.

"இந்த நாலும் ஒரே ஜாக்கெட்டுல இருக்குடா," என்றாள் உமாதேவி. டார்ட் என்பது மார்புப் பக்கம் பிடிக்கிற தையல். யோக் தோள்பட்டைத் துண்டு. ஹெம் ஓரமடிப்பு. ப்ளீட் கொசுவம். கையில் எந்த எழுத்து வரும் என்பது எல்லோருக்கும் அதிர்ஷ்டம்தான். அதிலிருந்து எந்த வார்த்தை முதலில் கண்ணில் படுகிறது என்பது ஆளின் பிழைப்பைப் பொறுத்தது.

"அப்ப மைனா ஆம்பள இல்ல."

"டெய்லர்ல ஆம்பளயும் உண்டு. ஆனா 'ஹிட்'னு ஒரு பொண்ணு எவகிட்டச் சொல்லுவாள்னு யோசி."

மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் மலைச்சரிவில் தெரிந்தபோது வெயில் மங்கிக்கொண்டிருந்தது. விசாரித்ததில் ஊரில் இரண்டு தையல் கடைகள். ஒன்று யூனிபார்ம் தைக்கும் பெரியவருடையது. மற்றது ஜெபராணி என்கிற பெண்ணுடையது. வெளியூர்க்காரி, தனியாக இருப்பவள், அதிகம் பேசமாட்டாள் என்றார்கள்.

கடை சின்னது. நாற்பதை நெருங்கும் ஒரு பெண் கழுத்தில் டேப் தொங்க, துணியில் சாக்குக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு திரை. மேசையில் இரண்டு டம்ளர் டீ. இரண்டிலும் ஆவி பறந்தது.

உமாதேவி ஜாக்கெட் தைக்க வேண்டும் என்றாள். கையிலிருக்கும் வேலை முடியட்டும், உட்காருங்கள் என்றாள் அந்தப் பெண். பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பைக்குள் வைத்தபடியே டேப்லெட்டை இன்னும் கீழே, இன்னும் பழைய ஆட்டங்களுக்குத் தள்ளினாள் உமாதேவி. பூமாரியின் ஆரம்ப கால வார்த்தைகள் வந்தன. கேட், ரேட், கப். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. அதற்கும் கீழே ஆட்டமே இல்லாத நீண்ட இடைவெளி. அதற்கும் கீழே இன்னும் ஆட்டங்கள் இருந்தன.

அவை வேறு கை. தேர்ந்த கை. பூமாரி அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு வெகுகாலம் முன்னால், அதே விளையாட்டுக் கணக்கில், யாரோ பிரமாதமாக ஆடியிருந்தார்கள். அந்த ஆட்டங்களில் ஒன்றின் நடுவே கிடந்தது அந்த உயிரில்லாத வார்த்தை. சி, டபிள்யூ, எம்.

உமாதேவி கைப்பையை மூடினாள். மெதுவாக, சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் கேட்டாள்.

"ஏங்க, 'கூம்'னா என்ன?"

"பள்ளத்தாக்கு," என்றாள் அந்தப் பெண், தலை நிமிராமல்.

சொன்ன பிறகுதான் சாக்குக்கட்டி நின்றது. அவள் வாசலைப் பார்த்தாள். வாசலை இம்மானுவேல் அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவள் கை கத்தரிக்கோலைத் தேடியது. உமாதேவி கண்ணாலேயே அவனை விலகச் சொன்னாள்.

"நீங்க ஜெபராணி இல்ல. தங்கபாண்டியோட மொதல் சம்சாரம். நான் உங்களைப் பிடிக்க வரல. பூமாரி நல்லா இருக்கான்னு தெரிஞ்சா போதும்."

திரை விலகியது. இளம்பெண் ஒருத்தி வெளியே வந்தாள். இடது முன்னங்கையில் மாவுக்கட்டு. முகத்தில் மங்கிவரும் ஒரு நீலம். உமாதேவி கேட்க நினைத்த எதையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அதுவரை மனசுக்குள் 'அவர்' என்று நினைத்திருந்த தங்கபாண்டியை அந்த நிமிஷத்திலிருந்து 'அவன்' என்றே நினைத்தாள்.

தையல்காரியின் உண்மைப் பெயர் சுபாஸ்ரீ. மதுரையில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு வாழ்க்கைப்பட்டவள். தங்கபாண்டி கத்தமாட்டானாம். கதவைச் சாத்திவிட்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டுத்தான் அடிப்பானாம். ஒருமுறை தப்பித்து மதுரையில் தோழி வீட்டுக்குப் போனவளை மறுநாளே வந்து, எல்லோர் முன்னாலும் சிரித்துப் பேசி, கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த முறை கட்டிய துணியோடு மட்டும் கிளம்பினாள். டிரைவரோடு ஓடிவிட்டாள் என்று அவன் கட்டிய கதையை அவளைப் பெற்றவர்களே நம்பினார்கள். அதனால் பெயரை மாற்றிக்கொண்டு இங்கே தங்கிவிட்டாள்.

வேலை ஓய்ந்த நேரத்தில் புதுப் பெயரில் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் திக்கென்றது. அவள் விட்டுவிட்டு வந்த பழைய கணக்கில், ஆள் ஆட வந்திருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தது.

"என் பேரு என் எதுர்ல உக்காந்து, சி-ஏ-டி கேட்னு ஆடுச்சுங்க," என்றாள் சுபாஸ்ரீ. "அந்த வீட்டுக்கு அடுத்தவ வந்துட்டான்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. நான் வாய மூடிக்கிட்டு இருந்ததால வந்தவ."

அவளை ஆட்டத்துக்கு அழைத்தாள். தோற்றுக்கொடுத்து ஆடக் கற்றுக்கொடுத்தாள். அவளே 'ஹிட்' என்று எழுதும்வரை காத்திருந்தாள்.

எல்லாம் சொல்லி முடித்தபின், அந்தப் பழைய ஆட்டங்களை எதில் பார்த்தீர்கள் என்று கேட்டாள். உமாதேவி கைப்பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள்.

சுபாஸ்ரீ ஓரடி பின்னால் போனாள்.

"இதையா கொண்டாந்தீக? மதுரைக்கும் நான் இதத்தான் தூக்கிட்டுப் போனேன். இது எங்கன இருந்தாலும் அவன் போன்ல தெரியும்."

உமாதேவியின் செல்போன் அப்போது அடித்தது. திரையில் தங்கபாண்டியின் பெயர்.

அவன் குரல் வழக்கம்போல் மென்மையாக இருந்தது. "லோயர் கேம்ப்ல ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கிறீகளேம்மா. ஆளு கெடச்சிருச்சா? நானும் கூடலூர் தாண்டிட்டேன்."

அவளுடைய மூளையைத்தான் அவன் வாடகைக்கு எடுத்திருந்தான். வாயை நம்பவில்லை, அதனால் கையில் ஒரு மணியைக் கட்டி அனுப்பியிருந்தான். அவளும் கட்டிக்கொண்டு அவன் தேடிய வாசலுக்கே வந்து நின்றுவிட்டாள். இருந்தாலும் குரலை நிமிர்த்திக்கொண்டாள்.

"இல்லங்க. இங்கன இருந்திருக்காக. மத்தியானமே குமுளிக்கு ஏறிட்டாகளாம். நாங்களும் ஜீப்புல மேல போறோம்."

"பாத்துப் போங்க," என்றான் அவன்.

இம்மானுவேல் ஏற்கெனவே டேப்லெட்டைக் கையில் எடுத்திருந்தான். ரோட்டில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

"டேப்லெட்டை மட்டும் ஜீப்புல போடு. நீ போகாத," என்றாள் உமாதேவி.

"அவன் வந்து பாக்குறப்ப யாரும் இல்லன்னா, அடுத்த நிமிசமே கீழ திரும்பிருவான்க்கா. என்னைப் பாத்தா கொஞ்ச நேரம் பேசுவான். பேச்சுல நான் ஆள விடமாட்டேன்ல."

பெண்களோடு பெண்களாக நெருக்கி உட்கார்ந்து அவன் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேரும் இருட்டில் காத்திருந்தார்கள். வெள்ளைக் கார் ஒன்று மெதுவாக வந்தது. கடைக்கு நேராக வந்ததும் இன்னும் மெதுவானது. பூமாரி சுபாஸ்ரீயின் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டாள். கார் நின்றே விட்டதாகத்தான் உமாதேவிக்குத் தோன்றியது. பிறகு கியர் மாறும் சத்தம். மலைப்பக்கம் ஏறிப் போய்விட்டது.

இனி எங்கே போவது? கோட்டயத்தில் தனக்குத் தெரிந்த ஒரு விடுதி இருப்பதாகவும், வேறு வழியாக அங்கே போய்விடலாம் என்றும் சுபாஸ்ரீ சொன்னாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத பூமாரி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஓட வேண்டாம்க்கா. ஒருத்தி சொன்னா ஓடுகாலிம்பாக. ரெண்டு பேரும் சேந்து சொன்னா?"

சுபாஸ்ரீ கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

*

தேனி வரைக்கும் உமாதேவிதான் ஓட்டினாள். பின்னால் விளக்கு தெரியும்போதெல்லாம் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். இம்மானுவேலின் போன் எடுக்கப்படவே இல்லை.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் நல்லவேளையாக உமாதேவியோடு பயிற்சி எடுத்தவர். பூமாரியின் மாவுக்கட்டைப் பார்த்தார். சுபாஸ்ரீ தன் ரவிக்கையின் நீளக் கையை மடித்து, பழைய தழும்பைக் காட்டினாள். அதே கை. அதே இடம். இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, முதலில் யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

இம்மானுவேல் ஒருவழியாகக் கூப்பிட்டான். குரல் குழறியது. செக்போஸ்டில் ஜீப்பை மறித்து, பெண்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தானாம் தங்கபாண்டி. கடைசியில் டேப்லெட்டோடு இவனைப் பார்த்திருக்கிறான்.

"எங்கடான்னு கேட்டான். உங்களுக்கு வார்த்தை விளையாட்டு சரியா வரலண்ணேன்னு சொன்னேன். ஒரே அறை. அங்கன நின்ன போலீஸ்காரக பாத்துட்டு ஓடியாந்தாக. இப்ப குமுளி ஸ்டேஷன்லதான் இருக்கேன், அவனையும் இங்கனதான் உக்கார வச்சிருக்காக. பல்லு ஒண்ணு ஆடுதுக்கா. கொஞ்ச நாளைக்குக் கடலை மிட்டாய் வாங்கிட்டு வராதீக."

அவளுக்குச் சிரிக்க வரவில்லை. வீட்டுக்கு வந்து சேர், நான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த அழைப்பு தங்கபாண்டியுடையது. அவள் வராந்தாவுக்கு வந்து எடுத்தாள். இவ்வளவுக்குப் பிறகும் அவன் குரல் உயரவில்லை.

"ஆளக் கண்டுபிடிச்சாச்சாம்மா?"

"கண்டுபிடிச்சாச்சு. சம்மதமும் வாங்கியாச்சு. எங்க இருக்காகன்னு சொல்லச் சொல்லிட்டாக. தேனி மகளிர் ஸ்டேஷன். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காந்து எழுதிக் குடுத்துக்கிட்டு இருக்காக."

"ரெண்டு பேருன்னா?"

"நீங்க தேடச் சொன்னது ஒரு சம்சாரத்தை. எனக்குக் கெடச்சது ரெண்டு."

இணைப்பு அறுந்தது.

உள்ளே பூமாரி பேசிக்கொண்டிருந்தாள். இடையில் அழுகை வந்து நின்றபோது, விட்ட இடத்திலிருந்து சுபாஸ்ரீ எடுத்துச் சொன்னாள். உமாதேவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மாறி மாறி வந்த அந்த இரண்டு குரல்களையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.